கை மறக்கவில்லை, மூச்சுதான் மறந்துபோனது

சைக்கிளும் நீச்சலும் ஒருமுறை படிந்துவிட்டால் மறக்காது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பல வருடங்களாகத் தண்ணீர்ப் பக்கமே போகாத ஒருவர் குளத்தில் இறங்கினால் கை தானாக வீசும், கால் தானாக உதைக்கும். திரும்பத் திரும்பச் செய்து பழகிய அசைவுகளைச் சிறுமூளை உள்ளிட்ட மூளைப் பகுதிகள் பத்திரமாக வைத்திருக்கின்றன. பெயரும் தேதியும் மறந்துபோகிற மாதிரி அவை மறந்துபோவதில்லை.

சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். உடம்பு ஞாபகம் வைத்திருப்பது இருபது வயதில் நீந்திய வேகத்தை. சுவரைக் காலால் தள்ளிக் கிளம்பியதும் கை அந்தப் பழைய தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயமும் நுரையீரலும் இன்றைய வயதில் இருக்கின்றன. 25 மீட்டர் தாண்டி எதிர்ச்சுவரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டாமினாவே போயிடுச்சு" என்போம். நான் நீந்தும் குளத்துக்குப் புதிதாகத் திரும்பி வருகிறவர்களிடம் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். நடுவயதில் நீச்சலுக்குத் திரும்பியபோது நானும் இதையேதான் சொன்னேன்.

ஸ்டாமினா குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு லெங்த்தில், அதாவது ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் போவதற்குள், திணறுவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தினமும் அரைமணி நேரம் ஓடுகிறவர்களும் குளத்தில் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள். நாலு மாடி ஏறினாலும் இரைக்காதவர்கள் இங்கே இரைக்கிறார்கள். தெம்பு அவர்களிடம் இருக்கிறது. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுகிற பழக்கமும், மெதுவாக நீந்துகிற பழக்கமும் இல்லை. உடற்பயிற்சிக்காக நீச்சலுக்குத் திரும்புகிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: முதல் சில வாரங்களுக்குத் தூரத்தை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மூச்சையும் நிதானத்தையும் மட்டும் கவனியுங்கள்.

நிதானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின்னால் எளிமையான இயற்பியல் இருக்கிறது. ஓட்டத்தில் கொஞ்சம் வேகம் கூட்டினால் கொஞ்சம் கூடுதலாக இரைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் அப்படி விட்டுவிடாது. அதன் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. அதற்குள் நகரும் உடம்பின் மீது வரும் இழுவிசை, வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அந்த இழுவிசையை மீறிப் போவதற்கு ஒவ்வொரு விநாடியும் செலவிட வேண்டிய சக்தியோ வேகத்தின் மும்மடியில் கூடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் வேகம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உழைக்க வேண்டும். திருப்பிப் போட்டால் இன்னும் நல்ல சேதி: 20 சதவீதம் வேகத்தைக் குறைத்தால் உழைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு எனக்குப் புரிந்த பிறகு குளத்தில் பார்க்கும் காட்சிகளுக்கே வேறு அர்த்தம் வந்தது. பக்கத்து லேனில் எழுபதை ஒட்டிய ஒரு அம்மா நீந்துவார். பார்ப்பதற்கு நகர்கிற மாதிரியே தெரியாது. கை நிதானமாக உள்ளே போகும், கொஞ்ச நேரம் முன்னால் நீண்டு நிற்கும், அப்புறம்தான் அடுத்த கை கிளம்பும். சுற்றிலும் இளைஞர்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு போய் சுவரில் தொங்கி இளைப்பாறுவார்கள். அவர் நிற்கவே மாட்டார். அரைமணி நேரம் கழித்து அவர்கள் போன மொத்தத் தூரத்தைவிட இவர் போன தூரம் அதிகமாக இருக்கும். அவருக்கு இளைஞர்களைவிட வலு அதிகம் என்பதல்ல விஷயம். தண்ணீர் கேட்கிற விலையை அவர் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, மூச்சுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

மூச்சுத் திணறும்போது ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் "உடனே மூச்சு எடு" என்று மூளையை விரட்டுவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வது மனித இயல்பு. கைகளை வீசிக்கொண்டே அப்படிப் பிடித்து வைத்திருந்தால் நுரையீரலில் பழைய காற்று அப்படியே தங்கிக் கிடக்கும், கார்பன் டை ஆக்சைடும் ஏறிக்கொண்டே போகும். தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அந்த அரை விநாடியில் பழைய காற்றை வெளியே விட்டு, புதுக் காற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. நிறைந்த குடத்தில் மேலே ஊற்றினால் வழியத்தானே செய்யும்? கொஞ்சம் விட்டு, கொஞ்சம் எடுத்து, நாலைந்து முறை தலையைத் திருப்புவதற்குள் நெஞ்சு இறுகிப் பயம் வந்துவிடும். பயம் வந்ததும் கை இன்னும் வேகமாக வீசும். மும்மடிக் கணக்கு மறுபடி வந்து நிற்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்கக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலை திரும்பும்போது உள்ளே இழுப்பது மட்டும்தான் வேலை. கேட்க எளிது, ஆனால் பிடிபட நாளாகும். எங்கள் குளத்தின் வயதான கோச் ஒருவர் புதிதாக வருகிற எல்லாரையும் முதலில் சுவர் ஓரமாக நிறுத்திவிடுவார். "நீந்த வேண்டாம். முதல்ல காத்தை விடுங்க. அவசரமே இல்லை." இதைத் தவிர அன்றைக்கு வேறு பாடமே எடுக்க மாட்டார்.

அந்தப் பயிற்சியை அப்படியே சொல்கிறேன். நெஞ்சளவு ஆழத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சாதாரணமாக ஒரு மூச்சு எடுங்கள். நெஞ்சு புடைக்க எடுக்க வேண்டாம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயை மூடி, "ம்ம்ம்" என்று மெல்ல முனகுங்கள். முனகும்போது மூக்கு வழியாகச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒரே சீராக வரும், கன்னத்தை உரசிக்கொண்டு காதுப் பக்கம் ஏறிப் போவது தெரியும். முனகல் நின்றால் மூச்சைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். காற்று தீரப் போகும் நேரத்தில் கடைசிப் பங்கை வாய் வழியாக ஊதிவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். புதுக் காற்று இழுக்காமலே உள்ளே வரும். இதையே நிதானமாகப் பத்து, இருபது தடவை செய்யுங்கள். நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்வதை அங்கேயே நின்றபடி உணரலாம். நின்ற இடத்தில் கைவராத ஒன்று நீந்தும்போது கைவராது. எனவே இதில் எத்தனை நாள் செலவழித்தாலும் அது வீண் அல்ல.

அடுத்தது, தலையைத் திருப்பும் விதம். கிணற்றிலோ ஆற்றிலோ ஏரியிலோ நீந்தக் கற்றவர்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்த்தாக வேண்டிய இடத்தில் கற்றவர்களுக்கு அதுதான் சரியான முறை. ஆனால் குப்புறப் படுத்துக் கைகளை மாறி மாறி வீசும் ஃப்ரீஸ்டைலில் நீண்ட நேரம் போக அது உதவாது. நம் உடம்பில் மிதப்பு விசை செயல்படும் மையம், காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால், நெஞ்சுப் பக்கமாக இருக்கிறது. எடையின் மையம் அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருக்கிறது. அதனால் சும்மா மிதந்தாலே கால்கள் தாழும். தலையைத் தூக்கினால் இடுப்பு இன்னும் இறங்கும். சாய்ந்த உடம்பைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது இழுவிசை ஏகமாகக் கூடும். பார்வை நேராகக் குளத்தின் தரையைப் பார்த்து இருக்கட்டும். நெஞ்சைக் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தால் இடுப்பு தானாக மேலே வரும்.

மூச்சு எடுக்க வாயை எவ்வளவு மேலே கொண்டுவர வேண்டும்? நினைப்பதைவிட மிகக் குறைவு. முன்னே நகரும் தலை தனக்கு எதிரே ஒரு சிறிய அலையை எழுப்புகிறது. அந்த அலைக்குப் பின்னால், சரியாக வாய்ப் பக்கத்தில், ஒரு பள்ளம் உருவாகிறது. அங்கே தண்ணீரின் மட்டம் குளத்தின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருக்கும் அளவுக்குத் திரும்பினாலே போதும், அந்தப் பள்ளத்தில் காற்று கிடைத்துவிடும். முதல்முறை இது சரியாக அமைந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. பாதி முகம் தண்ணீரில் இருக்க, காதோரம் தண்ணீர் சலசலத்து ஓட, உதட்டின் ஓரத்தில் காற்று தயாராக இருந்தது.

அந்த நேரத்தில் முன்னே நீண்டிருக்கும் கையைக் கீழே அழுத்தக் கூடாது. மூச்சு எடுக்கும்போது பலரும் அந்தக் கையை ஊன்றுகோலாக அழுத்தி எழப் பார்ப்பார்கள். கை கீழே போனால் தாங்கல் போய்விடும், வாயும் சேர்ந்து இறங்கும். வாய் மறுபடி தண்ணீருக்குள் போகும்வரை அந்தக் கை முன்னால் நீண்டே இருக்கட்டும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை, இரண்டு பக்கமும் மாறி மாறி மூச்சு எடுக்கச் சொல்வார்கள். உடம்பைச் சமமாக வைத்திருக்க நல்ல பழக்கம்தான். ஆனால் திரும்பி வருகிற ஆரம்பத்தில் காற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை, வசதியான பக்கத்தில் எடுங்கள். மறுபக்கத்தை வார்ம் அப் நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மூச்சுப் பயிற்சி என்றதும் சிலர் தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடிகிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைகிறது. மூச்சு எடு என்று விரட்டும் மணி அடிக்காமலே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். அந்த விளையாட்டே வேண்டாம். தனியாகவும் நீந்த வேண்டாம். லைஃப்கார்டு இருக்கும் நேரத்தில் போவதே நல்லது. இதய நோய், வலிப்பு, காது சவ்வில் ஓட்டை போன்றவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கால் உதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை. அவை ஆக்சிஜனை வாரிக் குடிக்கும். ஆனால் நீண்ட தூர ஃப்ரீஸ்டைலில் உடம்பை முன்னே தள்ளுவதில் பெரும்பங்கு கைகளுடையது. கால், உடம்பை நேராக வைத்திருக்க உதவினால் போதும். முட்டியை மடக்கி மிதிக்காமல், இடுப்பிலிருந்து சின்னதாக, பாதம் தளர்வாக. உதையைப் பாதியாகக் குறைத்ததும் மூச்சு சீராவதை அடுத்த லெங்த்திலேயே கவனிக்கலாம்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. முகத்துக்குப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி முக்கியம். பட்டியை மாட்டாமல் கண் குழியில் வைத்து லேசாக அழுத்தினால் ஒரு விநாடியாவது ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் சரியான அளவு. பனி படியாமல் இருக்க உள்பக்கத்தில் ஒரு பூச்சு இருக்கும், அதை விரலால் துடைக்கக் கூடாது. கையில் பிடித்து மிதக்கும் கிக்போர்டு பலகையும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னும் பெரும்பாலான குளங்களிலேயே கிடைக்கும். கை வீச்சுக்கு எதிர்ப்பைக் கூட்டும் பேடில்களை முதல் சில மாதங்களுக்குத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் தோள்பட்டை.

திரும்பி வருகிறவர்களை நிறுத்திவிடுவதில் மூச்சுக்கு அடுத்தபடி தோள்தான். தசை சீக்கிரம் பலம் பெறும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். மூன்று வாரத்தில் "இனி நிறைய நீந்தலாம்" என்று தசை சொல்லும்போது தசைநாண் இன்னும் தயாராகியிருக்காது. கட்டைவிரல் முதலில் தண்ணீரில் நுழைகிற மாதிரி கையைத் திருகி வைப்பதும், கை தலைக்கு நேர் முன்னால் மறுபக்கத்துக்குத் தாண்டிப் போவதும் தோளுக்குள் தசைநாண்களை நெரிக்கும். விரல்நுனிகள் முதலில் நுழையட்டும், கை தன் தோளுக்கு நேராகவே நீளட்டும். நீந்தும்போது தசை சோர்ந்து எரிவது சகஜம். தோள்மூட்டுக்குள் குத்துகிற வலி சகஜமில்லை, அன்றைக்கு அத்தோடு கரையேறிவிடுங்கள்.

ஃப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1875இல் இங்கிலாந்தின் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தது, இரண்டு கையையும் ஒன்றாக விரித்து, தவளைபோல உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில்தான். ஒவ்வொரு சுற்றிலும் முகம் வெளியே வருவதால் மூச்சுக்குத் தோதான முறை அது. முட்டியில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மட்டும் அதன் உதையில் கவனமாக இருக்க வேண்டும். முட்டியின் உட்பக்கத்தை அது சிரமப்படுத்தும். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே தயக்கமாக இருப்பவர்களுக்கு பேக் ஸ்ட்ரோக் இருக்கிறது. ஜப்பானின் மியேகோ நாகவோகா 1914இல் பிறந்தவர். எண்பது வயதுக்கு மேல், முட்டிக்கு நல்லது என்று தண்ணீரில் இறங்கியவர். 2015இல், 100 வயதில், 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் நீந்தி முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தைப் போட்டியில் முடித்த முதல் மனிதர் அவர்தான். முழுத் தூரமும் மல்லாந்தபடி, பேக் ஸ்ட்ரோக்கில்.

25 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே மாஸ்டர்ஸ் நீச்சல் என்று ஒரு உலகம் இருக்கிறது. ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் போட்டி நடத்துவார்கள். அதன் உலகப் போட்டி 1986இல் டோக்கியோவில் தொடங்கியது. 1984இல் தன் முதல் ஒலிம்பிக்கில் நீந்திய அமெரிக்காவின் டாரா டோரஸ், இடையில் பலமுறை விலகித் திரும்பி, 2008 ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வென்றார். 50 மீட்டரில் தங்கம் அவரிடமிருந்து நழுவியது 0.01 விநாடியில். அவரெல்லாம் நமக்கு அளவுகோல் அல்ல. ஆனால் வயதைக் காரணம் காட்டித் தயங்கும் நண்பர்களிடம் இந்த இரண்டு பெண்களைப் பற்றி நான் சொல்லாமல் விடுவதில்லை.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரை. நீச்சலுக்குத் திரும்பும்போது உடனே அந்த எண்ணைத் துரத்த வேண்டாம், மீதியை நடந்து நிரப்பிக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரைமணி போதும். வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் நீந்துவதைவிட இது பலமடங்கு நல்லது. தண்ணீரைப் பற்றிய உணர்வு கைக்குப் பிடிபட அடிக்கடி தொட வேண்டும், நெடுநேரம் தொடத் தேவையில்லை. ஒரு லெங்த் போங்கள், சுவரில் 20 முதல் 30 விநாடி நின்று மூச்சு சீரானதும் அடுத்தது போங்கள். சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அடுத்த லெங்த்தைக் குறைத்துப் போங்கள். சிலநாள் கழித்து, இரண்டு லெங்த் சேர்த்துப் போகத் தானாகத் தோன்றும். அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கையில் இதயத்துடிப்பு பார்க்கும் கடிகாரம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டத்துக்கு வைத்திருக்கும் எண்களை இங்கே கொண்டுவர முடியாது. படுத்த நிலை, தண்ணீரின் அழுத்தம், குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து ரத்தத்தை இதயத்துக்கு எளிதாகத் திரும்ப வைக்கின்றன. அதனால் அதே உழைப்புக்குத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் குறைந்தே காட்டும். அதே அழுத்தம்தான் தண்ணீரில் இறங்கியதும் சிறுநீர் வருவதற்கும் காரணம். நெஞ்சுப் பகுதியில் ரத்தம் கூடியதும் உடம்பில் நீர் அதிகமாக இருப்பதாக நினைத்து, இதயம் ஒரு ஹார்மோனை விட்டுச் சிறுநீரகத்தை வேலை வாங்குகிறது. எனவே இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். குளத்தில் கண் எரிவதற்கும் மூக்கில் ஏறுகிற அந்த வாடைக்கும் குளோரினைத்தான் திட்டுகிறோம். ஆனால் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின்தான் முக்கியக் காரணம். எல்லாரும் குளித்துவிட்டு இறங்கினால் எல்லாருக்கும் கண் பிழைக்கும். அப்புறம், கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். குளத்துக்குள்ளும் வியர்க்கும், நமக்குத்தான் தெரியாது.

நீச்சல் எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது காலில் விழும் பாரம், தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். முட்டியும் முதுகும் தேய்ந்தவர்களுக்கு இது வரம். ஆனால் அதே காரணத்தால் எலும்புக்குப் பாரம் ஏறுவதில்லை. எலும்பு உறுதிப்பட நடையோ, படியேறுவதோ, எடை தூக்குவதோ கூடவே வேண்டும். குறிப்பாக நாற்பதைத் தாண்டிய பெண்கள் இதை விட்டுவிடக் கூடாது. எடை குறைக்க என்று வருகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த குளத்தில் நீந்திவிட்டுக் கரையேறினால் பசி பிடுங்கும். அந்தப் பசிக்கு வேண்டியதை யோசித்து முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பெரியவர்கள் பலர் குளத்துக்கு வராததற்கு நேரமின்மையைச் சொல்வார்கள். பேசிக்கொண்டே போனால் வேறு ஒன்று வெளியே வரும். நீச்சலுடையில் இந்த உடம்போடு எப்படி நாலு பேர் முன்னால் நடப்பது என்ற தயக்கம். தொப்பை, தழும்பு, பிரசவத்துக்குப் பிறகு மாறிய வயிறு. அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அது நிஜமான பாரம். உடம்பை நன்றாக மூடுகிற நீச்சலுடைகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன, குளத்தின் விதி அனுமதித்தால் அவற்றையே போட்டுக்கொள்ளலாம். உடை மாற்றும் அறையிலிருந்து தண்ணீர்வரை இருக்கும் அந்தச் சில அடிகள்தான் கஷ்டம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், விளிம்பில் உட்கார்ந்து, மெல்ல உள்ளே இறங்கிவிடுங்கள். நீந்துகிறவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கண்ணாடிக்குள் தரையின் கருப்புக் கோட்டைப் பார்ப்பதற்கும் அடுத்த மூச்சை எடுப்பதற்குமே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.

லேனில் பழகும் முறையும் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் எல்லாரும் ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருவது என்பதைப் பலகையில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஏற்கெனவே நீந்துகிறவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நிற்கும்போது லேனின் மூலையில் ஒதுங்கி நில்லுங்கள், திரும்புகிறவருக்குச் சுவரின் நடுப்பகுதி வேண்டும். பின்னால் வருகிறவர் பாதத்தை லேசாகத் தொட்டால் முந்திப் போகக் கேட்கிறார் என்று பொருள். அடுத்த சுவரில் வழிவிட்டால் போதும். அதற்காக வேகத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

நிற்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் போக முடிகிறது என்ற நிலை வந்ததும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கலாம். முதலில் ஒரு லெங்த்துக்கு எத்தனை வீச்சு ஆகிறது என்று எண்ணுங்கள். அதே நிதானத்தில் ஒன்றிரண்டு வீச்சு குறைந்தால் உடம்பு தண்ணீரில் நன்றாக வழுக்கிப் போகிறது. அப்புறம் ஒருநாள் 400 மீட்டரை முழு முயற்சியில் நீந்தி நேரம் குறித்துக்கொண்டு, நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீட்டரையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவது, நீங்கள் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தில் 100 மீட்டருக்கு ஆகும் நேரம். நீச்சல் கோச்சுகள் பயிற்சி வேகத்தை இதை வைத்துத்தான் பெரும்பாலும் நிர்ணயிக்கிறார்கள். ஒருவருக்கு 400 மீட்டருக்கு 10 நிமிடமும் 200 மீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடியும் ஆனால், கணக்கு 2 நிமிடம் 40 விநாடி என்று வரும். அன்றாடப் பயிற்சியை அதைவிடப் பத்து விநாடி தாமதமாக வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் காய்ச்சலோ பயணமோ வேலையோ வந்து சில வாரம் விட்டுப்போகும், எல்லாருக்கும் விட்டுப்போகிறது. திரும்பிப் போகும் நாளில் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். பழைய தூரத்தில் பாதியை வைத்துக்கொண்டு, நீந்துவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சுவரைப் பிடித்து நின்று காற்றை விட்டுப் பழகுங்கள். குமிழ் சீராக வர ஆரம்பித்ததும் கிளம்பலாம்.